சாவடியில் உட்காருவதா, வாகனத்தில் சுற்றுவதா: தேர்தல் கண்காணிப்பில் என் தெரிவு

ஊர்த் தம்பி ஒருவன் அடுத்த தேர்தலில் கண்காணிப்பாளராகப் போகப் பேர் கொடுத்திருக்கிறான். போன கிழமை வீட்டுக்கு வந்து, "அண்ணே, ஒரே சாவடியில நிக்கிறதா, வான்ல சுத்துறதா, எது பிரயோசனம்?" என்று கேட்டான். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அந்தத் தேர்தல் என்றைக்கு வந்தாலும் இவனைப் போல நிறையப் பேர் இதைக் கேட்பார்கள். நான் இரண்டும் செய்திருக்கிறேன், இரண்டும் 2008-இல், இரண்டு மாத இடைவெளியில். முதலில் வாகனம், பிறகு சாவடி. அதற்குப் பிறகு சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் சாவடியைத்தான் கேட்டு வாங்கினேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008 எப்படி இருந்தது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2004 மார்ச்சில் புலிகள் இயக்கம் பிளந்தது, 2007 ஜனவரியில் வாகரையும் ஜூலையில் குடும்பிமலையும் இராணுவத்தின் கைக்குப் போயின, இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து வளவு துப்பரவாக்கி முடிக்கவில்லை, அதற்குள் 2008 மார்ச் 10 உள்ளூராட்சித் தேர்தல். மட்டக்களப்பு மாநகர சபையும் 8 பிரதேச சபைகளும். 1994-க்குப் பிறகு 14 வருஷம் கழித்து நடந்த உள்ளூராட்சி வாக்கெடுப்பு. புலிகளிலிருந்து பிரிந்தவர்களின் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் அமைப்பினர் கட்சியாகப் பதிந்து நின்றார்கள், ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஐக்கிய தேசியக் கட்சியும் போட்டியிடவில்லை. வேறு சில கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் நின்றன. 2004 பொதுத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் கூட்டமைப்பு வேட்பாளர் ராஜன் சத்தியமூர்த்தி கொல்லப்பட்டதையும், 2005 நத்தார் ஆராதனையில் மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டதையும் எவரும் மறந்திருக்கவில்லை. வேட்பாளராக நிற்பது, கட்சியின் முகவராகச் சாவடியில் உட்காருவது, ஏன், ஒரு கட்சியின் துண்டுப் பிரசுரத்தைக் கையில் வாங்குவது என்றால்கூட இரண்டு தரம் யோசிக்கிற காலம் அது.

வாகனக் கண்காணிப்பின் நல்லதுகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று பேர், ஒரு வான், ஒரு நாளில் 10, 12 சாவடி. சந்தி, ஒழுங்கை, பாலம் எல்லாம் கண்ணில் படும். இலக்கத் தகடு இல்லாத வாகனம் நின்றால் உடனே தொலைபேசியில் சொல்லலாம். தனியாக மாட்டிக்கொள்கிற பயமும் குறைவு. ஒரு மாவட்டம் முழுக்க எப்படிப் போகிறது என்ற படம் கிடைப்பதும் இதில்தான்.

மார்ச்சில் எனக்கு அது எப்படிப் போனது என்றால், காலையில் மண்முனைத் துறையில் பாதைக்கு, அதாவது வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகுக்கு, காத்து நின்றோம். 2014-இல் பாலம் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, அப்போது மட்டக்களப்பு வாவியைக் கடக்கப் பாதைதான், வானையும் அதிலேயே ஏற்ற வேண்டும், அது மெல்ல அக்கரை போய்த் திரும்பி வரும். நாங்கள் இந்தக் கரையில் நிற்கும்போதே அக்கரையில் ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டுக் காதில் தொலைபேசியை வைத்தான். அவ்வளவுதான். அன்றைக்கு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நாங்கள் போன சாவடி ஒவ்வொன்றும் கோயில் மண்டபம் போல அமைதியாக இருந்தது. வரிசை நேராக நின்றது. தலைமை தாங்கும் அலுவலர் "பிரச்சினை ஒண்டும் இல்லை சேர்" என்றார். நாங்களும் கால் மணி நேரம் நின்று, படிவத்தில் "அமைதி" என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போனோம். பொய் எழுதவில்லை, கண்டதைத்தான் எழுதினோம். ஆனால் திரும்பி வரும்போது ஒரு சாவடி வாசலில் வயசான பெத்தா ஒருவர் என் கையைப் பிடித்து, "என்ட வோட்ட ஆரோ போட்டுத்தாங்களாம் மனே" என்றார். அவர் போனது எட்டரை மணிக்காம். நாங்கள் அங்கே முதல் தரம் நின்றது எட்டு மணிக்கு. அந்த அரை மணி நேரத்துக்குள் நடந்ததா, நாங்கள் வரும் முன்பே நடந்ததா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பெத்தாவுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. தன் பெயரில் ஏற்கெனவே வாக்குப் போடப்பட்டிருந்தால், தான்தான் அந்த ஆள் என்று உறுதிப்படுத்தி, பெட்டிக்குள் போடாமல் தனியாக எடுத்து வைக்கிற ஒரு வாக்குச்சீட்டைக் கேட்கலாம். அதை அவருக்குச் சொல்ல உள்ளே ஒருத்தர் இருக்கவில்லை. அலுவலர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், வேறு வலயத்திலிருந்து வந்த ஆசிரியர், மாலையில் பெட்டியோடு உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

அப்புறம் மே 10 மாகாண சபைத் தேர்தல் வந்தபோது சாவடியில் உட்காருகிறேன் என்று சொன்னேன். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க.

நம்முடைய வாக்களிப்பு முறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலை 7 மணிக்கு வெறும் பெட்டியைத் திறந்து காட்டுகிறார்கள். யாருக்கு? அங்கே இருக்கிற முகவர்களுக்கு. வாக்காளர் வந்ததும் எழுதுவினைஞர் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசிக்கிறார். யார் கேட்பதற்கு? தங்கள் பிரதியில் கோடு கீறுகிற முகவர்கள் கேட்பதற்கு, "இது அந்த ஆள் இல்லை" என்று ஒருவர் சொல்வதற்கு. 4 மணிக்குப் பெட்டியை மூடும்போது முகவர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம், கிடைத்த சீட்டு, கொடுத்த சீட்டு, பழுதானது, மிஞ்சியது என்று அலுவலர் கணக்கு எழுதும்போது பக்கத்தில் நிற்கலாம். ஆள்மாறாட்டத்துக்கு எதிரான காவல் பெரும்பாலும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: எதிர்க் கட்சியின் ஆள் ஒருவர் பயமில்லாமல் அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கை. ஆயுதம் உள்ள ஊரில் முதலில் போவது அந்த ஆள்தான். போட்டியிட்ட சின்னக் குழுக்களுக்கும் படுவான்கரையின் உள் ஊர்களுக்கு அனுப்ப ஆள் கிடைப்பது பெரும்பாடு. ஒரே பக்கத்து முகவர்கள் மட்டும் இருக்கிற அறையில் பெயரை எவ்வளவு உரத்து வாசித்தாலும் மறுக்க ஆள் இல்லை. அடையாள அட்டை கட்டாயம் என்று 2004-இல் சட்டம் வந்தது நல்ல விஷயம்தான், ஆனால் அட்டையில் உள்ள முகத்தையும் வந்து நிற்கிற முகத்தையும் ஒப்பிட்டு "இல்லை" என்று சொல்ல ஒரு வாய் வேண்டுமே.

அந்த வெற்று வாங்கை நிரப்பக்கூடியவர் நாள் முழுக்க உட்காருகிற கண்காணிப்பாளர் ஒருவர்தான். அவருக்கு ஆட்சேபிக்கிற அதிகாரம் இல்லை, முகவருக்குள்ள உரிமை அவருக்கு இல்லை, வாயைத் திறந்தால் வெளியே போகச் சொல்வார்கள். ஆனால் அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நான் சொல்லப்போகும் முக்கியமான விஷயமே அந்தக் கொப்பிதான்.

ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பேர் உள்ளே வந்து விரலில் மை பூசிக்கொண்டு போனார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். வேறு எதையும் எழுத முடியாவிட்டாலும் இதை எழுத வேண்டும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 900 பேர் பதிந்த சாவடி என்று வையுங்கள். 7 மணியிலிருந்து 4 மணி வரை 9 மணி நேரம். அத்தனை பேரும் வந்தாலும் மணிக்கு 100. அட்டை பார்த்து, பெயர் வாசித்து, மை பூசி, சீட்டுக் கிழித்துக் கொடுத்து, ஒருவர் மறைவுக்குப் போய்ப் புள்ளடி போட்டு வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒரு மணி நேரம் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு மணி வரை உங்கள் கொப்பியில் 300, கடைசி மூன்று மணி நேரத்தில் கதவால் வந்தது 100, ஆனால் மூடும்போது கொடுத்த சீட்டு 650 என்று கணக்கு எழுதப்படுகிறது என்றால், அந்த 250 சீட்டு எப்படிப் போனது என்று கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. அடித்தார்கள், மிரட்டினார்கள் என்பதை நிரூபிக்கச் சாட்சி வேண்டும், இந்த ஊரில் சாட்சி சொல்கிறவர் அதற்குப் பிறகும் அதே ஒழுங்கையில் குடியிருக்க வேண்டும். எண்ணுக்கு அந்தப் பயம் இல்லை. எந்தப் பெத்தாவையும் பெயர் சொல்லிக் காட்டிக் கொடுக்காமல் நடந்ததைச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

வாகனக் குழுவும் எண் எடுக்கும். ஆனால் காலை ஒன்று, பகல் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு புள்ளிக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது, பின்னேரம் கூட்டம் உண்மையாகவே வந்திருக்கலாம், வயல் வேலை முடித்து வந்திருக்கலாம் என்று பதில் சொன்னால் மறுக்க முடியாது. மணிக்கு மணி எழுதிய கொப்பி அந்தப் பதிலுக்கு இடம் வைக்காது.

மே மாதம் நான் இருந்த சாவடியில் ஒன்று நடந்தது. என்னோடு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து ஒரு ஆசிரியை வந்திருந்தார், நான் கதவைப் பார்க்க, அவர் விரல்களைப் பார்த்தார். இரண்டு மணிக்குப் பிறகு ஐந்தாறு பொடியன்கள் சேர்ந்து வந்தார்கள், அதில் இரண்டு பேரைக் காலையிலும் பார்த்த ஞாபகம் அவருக்கு. ஒன்றும் பேசாமல் கொப்பியைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதுவதை அலுவலர் பார்த்தார், பார்த்துவிட்டு அந்த இருவரின் இடது சின்ன விரலைத் திருப்பிப் பார்த்தார். தேய்த்திருந்தார்கள், ஆனால் நகக்கண்ணில் மை இருந்தது. இருவரும் சத்தம் போடாமல் திரும்பிப் போனார்கள். எங்களால்தான் நின்றது என்று நான் சொல்ல வரவில்லை, அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியும் நின்றதால் எதிர்த்தரப்பு முகவர் ஒருவரும் அந்த அறையில் இருந்தார், அதுவும் அலுவலருக்குத் துணிவு கொடுத்திருக்கும்.

சாவடியில் உட்காருவதன் குறை பெரியது, மறைக்கக் கூடாது. முந்தின இரவு வீடு வீடாகப் போய் வாக்காளர் அட்டையை வாங்கிக்கொண்டு போனால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சந்தியில் நின்று "நீ போகத் தேவையில்லை" என்று திருப்பி அனுப்பினால், உங்கள் கொப்பியில் வருகை குறைவு என்று மட்டும்தான் இருக்கும். பயந்து வீட்டில் இருந்தவரும் விருப்பமில்லாமல் இருந்தவரும் எண்ணில் ஒன்றுதான். இதற்கு வாகனம் வேண்டும், அதைவிட ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே ஊருக்குள் பழகித் திரிகிற ஆட்கள் வேண்டும். அந்த நீண்ட கால வேலையை நான் செய்ததில்லை, அதனால் அதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பாதுகாப்பு இன்னொன்று. வான் போய்விடும், உட்கார்ந்தவர் 4 மணிக்குப் பிறகும் அங்கேதான். உள்ளூர்ப் பிள்ளையை அவரவர் ஊர்ச் சாவடியில் போடவே கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். எழுவான்கரை ஆள் படுவான்கரைக்கு, அங்குள்ளவர் இங்கே. தனியே அனுப்பாமல் இருவராக, முடிந்தால் ஒருவர் பெண்ணாக. முந்தின நாள் பின்னேரமே போய்விட வேண்டும், திரும்பி வர வாகனத்தை உறுதிப்படுத்தாமல் போகக் கூடாது.

2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில், சபையைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரிக்கிற முறையோடு, சாவடி உள்ள இடத்திலோ பக்கத்துச் சாவடியிலோ எண்ணுகிற வழக்கம் வந்தது, 2025 மே 6-லும் அப்படித்தான். வழியில் பெட்டிக்கு ஏதும் நடக்குமோ என்ற பயம் இதில் குறைந்துவிட்டது, உட்காருகிறவரின் வேலைக்கும் மதிப்புக் கூடியது. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. பல பெட்டிகளை ஒன்றாகக் கலந்து எண்ணும்போது எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியாது. இப்படி ஊருக்குள்ளேயே எண்ணினால் அன்றிரவே தெரிந்துவிடும். துப்பாக்கி இல்லாத நாளில் இது பரவாயில்லை. 2008 போன்ற ஒரு வருஷத்தில் இந்த முறை இருந்திருந்தால், 400 வாக்குள்ள ஒரு குடியேற்றக் கிராமத்தின் மேல் யாருடைய கோபம் விழுந்திருக்கும் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது. எது சரி என்று எனக்கு இன்னும் முடிவில்லை.

அம்பாறை பற்றிக் கேட்டால் என் அனுபவம் மெலிசு. 2018-இல் ஒரே நாள், திருக்கோவில், ஆலையடிவேம்புப் பக்கம், அதுவும் வாகனத்தில்தான். தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் அடுத்தடுத்து இருக்கிற இடங்களில் ஊர் எல்லையில் நடப்பதுதான் முக்கியம் என்றால் வாகனத்துக்கு அங்கே கூடுதல் வேலை இருக்கலாம். அங்குள்ளவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: சாவடியைக் கேள். சந்தியையும் பாலத்தையும் பார்க்க நாலு வான் போதும், மிச்ச ஆட்களையெல்லாம் உள்ளே உட்கார வைக்கச் சொல்லு. முகவர் கிடைக்காத சாவடி எது என்று முன்கூட்டியே விசாரித்து, முதலில் அதை நிரப்பச் சொல்லு. கைத்தொலைபேசியை உள்ளே பாவிக்க விடமாட்டார்கள், அதனால் கையில் மணிக்கூடு கட்டிக்கொண்டு போ. கோடு போட்ட கொப்பி ஒன்று, பேனை இரண்டு. ஏழு மணிக்கு முதல் கோடு.