ஷேர்பாயிண்ட், டாக்குமெண்டம், ஓப்பன் சோர்ஸ், நம்மூர் சரக்கு: ஆபீஸ் டாக்குமெண்ட்டுக்கு அடுத்த பத்து வருஷம் எது தாங்கும்?

இசிஎம், அதாவது கம்பெனி டாக்குமெண்ட்டையெல்லாம் ஒரே இடத்துல வச்சு மேய்க்கிற சாஃப்ட்வேர், செத்துப்போச்சுன்னு ஆராய்ச்சிக் கம்பெனி கார்ட்னர் 2017 ஜனவரியிலயே சொல்லி முடிச்சுட்டாங்க, இனிமே அதுக்கு கன்டென்ட் சர்வீசஸ்னு பேருன்னாங்க. அதுக்கப்புறமும் பேங்குல ஃபைல்நெட் ஓடிட்டுதான் இருக்கு, மருந்துக் கம்பெனில டாக்குமெண்டம் ஓடிட்டுதான் இருக்கு, பேர மாத்துனதால ஒரு சர்வரும் ஆஃப் ஆகல. இப்ப ஏஐ வந்ததும் திரும்பவும் அதே பாட்டு, பழசையெல்லாம் தூக்கிப் போடுங்க, எங்க கிளவுடுக்கு வாங்க, நீங்க கேள்வி கேட்டா டாக்குமெண்ட்டே பதில் சொல்லும்னு ஒவ்வொரு வெண்டரும் டெமோ காட்டுறாங்க. டெமோல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அதனால டெமோவ விட்டுட்டு நான் மூணே விஷயத்த வச்சு இதுங்கள பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாக்கறேன்: உள்ள போட்ட ஃபைல் எந்த நிலைமையில கிடக்குது, அது யார் யார் கண்ணுக்குத் தெரியுது, நாளைக்கு வெளிய எடுக்கணும்னா முழுசா வருமா. ஏஐ பட்டன் இன்னும் கொஞ்ச நாள்ல எல்லார்கிட்டயும் வந்துரும், அத வச்சு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

முதல்ல ஜாதகம் பாத்துருவோம், ஏன்னா இந்த ஃபீல்டுல ப்ராடக்ட்ட விட ஓனர்தான் வேகமா மாறுவாங்க. ஃபைல்நெட் 1982ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சது, 2006ல ஐபிஎம் வாங்கிடுச்சு. டாக்குமெண்டம் 1990ல பொறந்தது, 2003ல இஎம்சிகிட்ட போச்சு, இஎம்சிய 2016ல டெல் வாங்குன கையோட டாக்குமெண்டத்த 162 கோடி டாலருக்கு ஓப்பன்டெக்ஸ்ட்டுக்கு தள்ளி விட்டுட்டாங்க, 2017 ஜனவரியில அங்க போய்ச் சேந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை, டாக்குமெண்டத்த ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜான் நியூட்டனே 2005ல அதுக்குப் போட்டியா ஓப்பன் சோர்ஸ்ல ஆல்ஃப்ரெஸ்கோவ ஆரம்பிச்சாரு, கடைசில அதையும் 2020ல ஹைலேண்ட் வாங்கிடுச்சு, அடுத்த வருஷமே நக்ஸியோவையும் வாங்கிப் போட்டாங்க. ஓனர் மாறுனா ப்ராடக்ட் செத்துராது, ஆனா ரோட்மேப் மாறும், ரினியூவல் பேச வர்ற ஆள் மாறுவாரு, ரேட்டும் மாறும். ஷேர்பாயிண்ட் மட்டும் 2001ல இருந்து மைக்ரோசாஃப்ட்டுங்கற ஒரே கம்பெனிகிட்டதான் இருக்கு, அங்க தொல்லை வேற மாதிரி: ஓனர் மாற மாட்டாரு, உள்ள இருக்கிற ஃபீச்சர கழட்டிட்டே இருப்பாங்க. ஃபைல் யார்கிட்ட இருந்து யார்கிட்ட போகணும்னு ஓட்டுறது ஒர்க்ஃப்ளோ, ஆன்லைன்ல 2010 ஒர்க்ஃப்ளோவ 2020லயே நிறுத்துனாங்க, 2013 ஒர்க்ஃப்ளோவுக்கு 2026 ஏப்ரல் 2ன்னு தேதி குறிச்சாங்க, அப்ரூவல் ஃப்ளோவெல்லாம் அதுல கட்டி வச்சவங்க அதுக்குப் பதிலா வந்த பவர் ஆட்டோமேட்ல திரும்ப முதல்ல இருந்து எழுதணும்.

சரி, உள்ள போட்ட ஃபைல் எப்படிக் கிடக்குதுன்னு பாப்போம். டாக்குமெண்டம் சர்வர்ல கன்டென்ட் ஸ்டோரேஜ் டைரக்டரிக்குள்ள போய்ப் பாத்திருக்கீங்களா? 80, 00ன்னு ஹெக்ஸ் நம்பர்ல ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போயிட்டே இருக்கும், கடைசில ரெண்டு எழுத்துல பேர் வச்ச ஒரு பிடிஎஃப் கிடக்கும். அது எந்த ஒப்பந்தம், யாரு போட்டது, எத்தனாவது வெர்ஷன், எதுவும் அங்க இருக்காது. அதெல்லாம் டேட்டாபேஸ்ல 16 எழுத்து ஐடிக்குப் பின்னாடி இருக்கு, ஐடி 09ன்னு ஆரம்பிச்சா டாக்குமெண்ட், 0பின்னு ஆரம்பிச்சா ஃபோல்டர். டேட்டாபேஸ் போச்சுன்னா கோயில் வாசல்ல செருப்ப விட்டுட்டு டோக்கன தொலைச்ச கதைதான், எல்லாம் உள்ளதான் இருக்கும், எது உங்களுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆல்ஃப்ரெஸ்கோவும் ஏறக்குறைய இதே ஜாதிதான், வருஷம், மாசம், நாள், மணி, நிமிஷம்னு ஃபோல்டர் போட்டு உள்ள ஒரு நீள ஐடில ஃபைல் வைக்கும், எல்லாத்துக்கும் எக்ஸ்டென்ஷன் ஒண்ணே ஒண்ணு, .bin. ஒரே ஒரு ஆறுதல், என்னிக்கு ஏத்துனதுன்னாவது தெரியும்.

ஓப்பன் சோர்ஸ் ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேரான நெக்ஸ்ட்கிளவுட் இதுக்கு நேரெதிர். யூசர் பேருல ஃபோல்டர், அதுக்குள்ள நீங்க வச்ச அதே பேர்ல அதே ஃபைல், சாஃப்ட்வேர் மொத்தமா படுத்தாலும் ஒரு காப்பி கமாண்ட் போட்டா பொழச்சுக்கலாம் (என்கிரிப்ஷன் ஆன் பண்ணலன்னா). ஷேர்பாயிண்ட் ஆன்லைன்ல டிஸ்க்குங்கற பேச்சே கிடையாது, ஏபிஐ (ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணுகிட்ட கேட்டு வாங்குற வாசல்) வழியாத்தான் எடுக்கணும், மொத்தமா எடுக்க ஆரம்பிச்சீங்கன்னா கொஞ்ச நேரத்துல 429ன்னு ஒரு எரர் வரும், ரொம்ப கேக்குற, கொஞ்சம் பொறுன்னு அர்த்தம். அதுக்காகவே ஃபைல்கள இடம் மாத்துற மைக்ரேஷன் டீமெல்லாம் சனி ஞாயிறுலயும் ராத்திரிலயும் ஜாப் ஓட்டும். ஆக உள்ள போறப்ப ரெட் கார்ப்பெட், வெளிய வர்றப்ப டோல்கேட்.

அடுத்து பர்மிஷன். ஏஐ வந்தப்புறம் நிஜமான சண்டை நடக்கிற இடம் இதுதான். மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பர்ல பெரிய கம்பெனிகளுக்கு கோபைலட்டுங்கற அவங்க ஏஐ உதவியாளர ஒரு ஆளுக்கு மாசம் 30 டாலர்னு விக்க ஆரம்பிச்சாங்க. அது புதுசா எந்தக் கதவையும் திறக்காது, உங்களுக்கு ஏற்கனவே எதுக்கு பர்மிஷன் இருக்கோ அத மட்டும்தான் படிச்சு பதில் சொல்லும். கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா நம்ம ஆபீஸ்கள்ல பர்மிஷன் எப்படிக் குடுத்திருக்கோம்? யாரோ ஒருத்தர் ஆக்சஸ் இல்லன்னு மெயில் போட்டிருப்பாரு, அவசரம், மேனேஜர் சிசில இருக்காரு, அட்மின் என்ன பண்ணாருன்னா வெளியாளுங்க தவிர எல்லாரும்ங்கற குரூப்ப சைட்டுல சேத்துட்டு டிக்கெட்ட குளோஸ் பண்ணிட்டாரு. அந்த சைட்டுல ஒரு மூலையில இன்க்ரிமெண்ட் ஷீட் இருந்தது யாருக்கும் ஞாபகம் இல்ல, தேடிக் கண்டுபிடிக்க ஆளும் இல்ல, அதனால இத்தனை வருஷம் அது பத்திரமா இருந்துச்சு. இப்ப யாராவது எங்க டீம் சம்பளம் என்னன்னு கேட்டா அந்த ஷீட்ட எடுத்துட்டு வந்து டேபிள் போட்டே குடுக்கும். இதத் தெரிஞ்சுதான் மைக்ரோசாஃப்ட்டே தேடல 100 சைட்டுக்குள்ள அடைக்கிற மாதிரி ஒரு செட்டிங் குடுத்தாங்க. அதத் தற்காலிக முட்டுன்னுதான் சொல்லணும், தாங்க வேண்டியது நீங்க ஒழுங்குபடுத்துற பர்மிஷன்தான்.

பழைய ஆளுங்க இந்த ஒரு சப்ஜெக்ட்ல கெட்டி. டாக்குமெண்டத்துல பர்மிஷன் ஏழு படி: ஒண்ணும் இல்ல, பிரவுஸ், ரீட், ரிலேட், வெர்ஷன், ரைட், டெலீட். இதுல பிரவுஸ்னு ஒரு படி இருக்கு பாருங்க, அப்படி ஒரு டாக்குமெண்ட் இருக்குன்னு தெரியும், தலைப்பு தேதியெல்லாம் பாக்கலாம், உள்ள படிக்க முடியாது. ஆடிட்டருக்கும் லீகல் டீமுக்கும் இது தங்கம். ஆனா இந்த மாதிரி சிஸ்டத்துக்கு மேல, டாக்குமெண்ட்ட ஏஐகிட்ட கொண்டு போற ஒரு கனெக்டர மாட்டுனா என்ன நடக்கும்? நிறைய கனெக்டர் ஏழு படியையும் நசுக்கி படிக்கலாம், படிக்கக் கூடாதுன்னு ரெண்டா ஆக்கிரும். அதவிட மோசம், டாக்குமெண்ட்ட துண்டு துண்டா வெட்டி, அர்த்தத்த வச்சுத் தேடுற ஒரு வெக்டார் டேட்டாபேஸ்ல காப்பி போட்டு வச்சுக்குறாங்க, ஒரிஜினல்ல பர்மிஷன மாத்துனா அந்தக் காப்பிக்குப் போய்ச் சேருதா, ஒரிஜினல அழிச்சா துண்டும் அழியுதா, இத வெண்டர்கிட்ட கேட்டா அது ரோட்மேப்ல இருக்குன்னு பதில் வந்துச்சுன்னா மீட்டிங்க அங்கயே முடிச்சுக்கலாம். எம்சிபின்னு, ஏஐய மத்த சிஸ்டத்தோட இணைக்க 2024 நவம்பர்ல வந்த ப்ரோட்டோகால் ஒரு நல்ல வழி காட்டுது, ஃபைல அங்கயே விட்டுட்டு கேள்வி வர்ற நேரத்துல மட்டும் போய்ப் படிக்கறது, கிளவுட் ஸ்டோரேஜ் விக்கிற பாக்ஸ் மாதிரி கம்பெனிங்க அதுக்கு சர்வரே குடுக்குறாங்க. அப்பவும் யாரோட பேர்ல போய்ப் படிக்குதுங்கறதுதான் கேள்வி, எல்லாருக்கும் சேத்து ஒரே சர்வீஸ் அக்கவுண்ட்ல போய்ப் படிச்சா பழைய குருடி கதவத் திறடிதான்.

ஷேர்பாயிண்ட் செலவுல ஒரு மறைமுக ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். கம்பெனிக்கு 1 டிபி, அதுக்கு மேல ஆளுக்கு 10 ஜிபி, இதுதான் அடிப்படை இடம். டீஃபால்ட்டா ஒரு ஃபைலுக்கு 500 வெர்ஷன் வரைக்கும் வச்சுக்கும், எல்லாமே கோட்டாவுல கணக்கு. 50 எம்பி பிரசன்டேஷன் ஒண்ண நாலு பேர் சேந்து ஆட்டோசேவ் போட்டு எடிட் பண்ணிட்டே இருந்தா அந்த ஒரே ஃபைல் 25 ஜிபி வரைக்கும் போகலாம். நிறைய பேர் ஸ்டோரேஜ் பத்தலன்னு எக்ஸ்ட்ரா வாங்குறாங்க, வெர்ஷன் லிமிட்டத் தொட்டுப் பாக்கறதில்ல. 5000 ஐட்டத்த தாண்டுனா லிஸ்ட் வியூ மக்கர் பண்றதும், பாத் 400 எழுத்தத் தாண்டக் கூடாதுங்கறதும் பழைய ஷேர்டு டிரைவ்ல இருந்து வர்றவங்களுக்கு முதல் வாரமே தெரிஞ்சுரும், ஃபைனல், ஃபைனல் புதுசு, ஃபைனல் புதுசு அப்ரூவ்டுன்னு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர் வைக்கிற ஊரு நம்ம ஊரு.

சொந்த சர்வர்ல ஷேர்பாயிண்ட் 2016, 2019 வச்சிருக்கவங்களுக்கு 2026 ஜூலை 14ஓட சப்போர்ட் முடியுது. 2025 ஜூலைல டூல்ஷெல்னு ஒரு தாக்குதல் வந்துச்சே, அது அடிச்சது இந்த சொந்த சர்வருங்களத்தான், ஆன்லைன்காரங்களுக்கு ஒண்ணும் ஆகல. பேட்ச் போட்டா மட்டும் பத்தாது, சர்வரோட ரகசியச் சாவியான மெஷின் கீயையும் மாத்தணும்னாங்க, ஏன்னா கீய ஒருத்தன் திருடிட்டுப் போயிருந்தா பேட்ச்சுக்கு அப்புறமும் உள்ள வந்துருவான். நம்ம ரூம்ல நம்ம பூட்டுன்னா பத்திரம்னு நினைக்கிறது பூட்ட கவனிக்க ஆள் இருந்தா மட்டும்தான் சரி.

இதே விஷயம் ஓப்பன் சோர்ஸுக்கும் பொருந்தும். ஆல்ஃப்ரெஸ்கோ கம்யூனிட்டி எடிஷன் காசு கேக்காது, ஆனா பல சர்வர சேத்து ஓட்டுற கிளஸ்டரிங் வேணும்னா என்டர்பிரைஸ் எடிஷனுக்குத்தான் போகணும், அங்க காசு. நெக்ஸ்ட்கிளவுட் 2016ல ஓன்கிளவுட்ல இருந்து பிரிஞ்சு வந்தது, ஜெர்மனில ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு மைக்ரோசாஃப்ட்ட விட்டுட்டு லிப்ரே ஆபீஸ், நெக்ஸ்ட்கிளவுட் பக்கம் போறோம்னு 2024ல அறிவிச்சாங்க, எங்க மக்களோட தரவு எங்க கையில இருக்கணும்ங்கறது அவங்க வாதம். அரசாங்கத்துக்கு அது சரி, அவங்களுக்கு டீம் இருக்கு. நம்ம ஊர்ல ஒரே ஒரு லினக்ஸ் தம்பிய நம்பி இத இறக்குறவங்க அந்தத் தம்பி பெங்களூருல வேலை கிடைச்சுப் போயிட்டா என்னன்னு முன்னாடியே யோசிச்சுக்கங்க. அதோட நெக்ஸ்ட்கிளவுட் ஃபைல் ஷேரிங்குக்கு நல்லது, ஆனா எத எவ்வளவு நாள் வைக்கணும், எப்ப அழிக்கணும்னு பாக்குற ரெக்கார்ட்ஸ் மேனேஜ்மெண்ட்ல டாக்குமெண்டத்துக்கு எதிர நிக்காது.

நம்மூர் சரக்குல ரெண்டு பேர சொல்லணும். நியூஜென் 1992ல ஆரம்பிச்ச டெல்லிப் பக்கத்து கம்பெனி, அவங்க ஓம்னிடாக்ஸ் பேங்குக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும், லோன் ஃபைல், அக்கவுண்ட் ஓப்பனிங் ஃபார்ம், கேஒய்சி ஸ்கேன், இதெல்லாம் அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஸ்கிரீன் அழக எதிர்பாக்காதீங்க. ஜோஹோ வொர்க்டிரைவ் சின்ன, நடுத்தர ஆபீஸுக்கு நல்லாவே போதும், டேட்டா சென்டர் சென்னை, மும்பைல இருக்கு, கம்பெனி யாருக்கும் கைமாறல, மேல சொன்ன ஜாதகக் கதைய பாத்தா அதுக்கே ஒரு மதிப்பு உண்டு. அரசு அலுவலகம்னா கதையே வேற, அங்க மத்திய அரசோட ஐடி அமைப்பான என்ஐசியோட இ-ஆபீஸ்தான். அதுல இடது பக்கம் பச்சைத் தாள்ல நோட்டிங், வலது பக்கம் கடிதங்கள்னு நம்ம கோப்பு எப்படி இருக்குமோ அப்படியே திரையில இருக்கும். செக்ஷன்ல எழுதி மேல போய் சுத்தி கையெழுத்தாகி வர்ற அந்த நோட்டிங்தான் அங்க நிஜமான சரக்கு, இணைச்ச பிடிஎஃப் ரெண்டாம்பட்சம். இந்தப் பழக்கம் எந்த அமெரிக்க ப்ராடக்ட்டுக்கும் புரியாது.

சட்டம் ஒரு பக்கம் இழுக்குது. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குன நோக்கம் முடிஞ்சா ஆளோட விவரத்த அழிக்கணும், வேற சட்டம் வச்சுக்கச் சொல்லியிருந்தா மட்டும் வச்சுக்கலாம். பணமோசடித் தடுப்புச் சட்டமோ கஸ்டமர் கணக்க முடிச்சாலும் கேஒய்சி ஆவணத்த 5 வருஷம் வைக்கச் சொல்லுது. அப்ப ஒரே ஆளோட ஃபைல்ல ஆதார் நகல் ஒரு தேதில போகணும், மார்க்கெட்டிங் ஃபார்ம் இன்னொரு தேதில போகணும். இத ஃபோல்டர் வச்சு பண்ண முடியாது, டாக்குமெண்ட் வகை, கணக்கு முடிஞ்ச தேதின்னு மெட்டாடேட்டா ஒழுங்கா இருந்தாத்தான் முடியும். பழைய இசிஎம்ல இந்த விவரத்துக்கு ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணச் சொல்லும்போதெல்லாம் திட்டுனோமே, அதுதான் இப்ப காப்பாத்துது. ஷேர்பாயிண்ட்லயும் மைக்ரோசாஃப்ட்டோட பர்வியூங்கற டூல வச்சு, எவ்வளவு நாள் வைக்கணும்னு சொல்ற ரிடென்ஷன் லேபிள் போடலாம், ஆனா லேபிள் போட ஆள் வேணும், இல்ல அதுவா போடணும்னா இன்னும் விலை கூடுன லைசென்ஸ் வேணும்.

என் கணக்கு இதுதான். மருந்துக் கம்பெனியா இருந்தா கன்ட்ரோல்டு டாக்குமெண்ட்ட டாக்குமெண்டத்துல இருந்து ஏஐ ஆசைல அசைக்காதீங்க, சிஸ்டம் சரியா வேலை செய்யுதுன்னு நிரூபிக்கிற வேலிடேஷன திரும்பப் பண்ற செலவே கழுத்த நெரிக்கும். பேங்குனா பழைய ஆர்க்கைவ் அங்கயே கிடக்கட்டும், புதுசா வர்றத மட்டும் ஓம்னிடாக்ஸோ வேற எதுவோ அதுல போடுங்க. ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் 365க்கு காசு கட்டிட்டு இருக்கிற சாதா கம்பெனிக்கு ஷேர்பாயிண்ட தவிர வேற வாங்கறது வீண், ஆனா கோபைலட் வாங்குற காசுல முதல் ஆறு மாசத்த பர்மிஷன் சுத்தம் பண்றதுக்கு ஒதுக்குங்க. நூறு பேருக்குள்ள இருக்கிற ஆபீஸ் வொர்க்டிரைவோட நிறுத்திக்கலாம்.

எத வாங்குனாலும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி டெமோ ஆளுகிட்ட ஒரு வேலை குடுங்க: உங்க நிஜ டாக்குமெண்ட் ஒரு ஆயிரத்த உள்ள ஏத்தச் சொல்லுங்க, ரெண்டு மூணு வெர்ஷன் போடச் சொல்லுங்க, பர்மிஷன மாத்தச் சொல்லுங்க, அப்புறம் அத்தனையையும் உங்க கண் முன்னாடி வெளிய எடுக்கச் சொல்லுங்க. ஃபைல் எல்லாம் வந்துரும். உருவாக்குன தேதி எல்லாத்துக்கும் இன்னிக்கு தேதியா மாறியிருக்கும், மாத்துன ஆள் பேர்ல மைக்ரேஷன் அக்கவுண்ட் பேர் இருக்கும், பழைய வெர்ஷன் பாதி காணாம இருக்கும், யார் எப்ப என்ன பண்ணாங்கங்கற ஆடிட் டிரெயில கேட்டா தனி எக்செல்ல தர்றேம்பாங்க. இதுல எது எது ஒழுங்கா வந்துச்சோ அத ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டு அப்புறம் ரேட் பேசுங்க.