டோக்கியோவில் இருவராக: ஸ்கைட்ரீயா, டோக்கியோ டவரா?

ஊரை மேலிருந்து பார்க்க இரண்டு கோபுரங்கள். ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால் டோக்கியோ டவருக்கே போங்கள். 1958-இல் திறந்த இதன் உயரம் 333 மீட்டர். முதல் பார்வைத் தளம் 150 மீட்டரில்தான் என்பதால் ஊர் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும்: காலடியில் சோஜோஜி கோயிலின் கூரை, சாலையில் ஊரும் கார் விளக்குகள். ஓயெடோ மெட்ரோ வழித்தடத்தில் அகாபானேபாஷி நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. கால் வலிக்காதென்றால் சுமார் 600 படிகள் ஏறியும் போகலாம். மழை பெய்தால் படிவழியை மூடிவிடுவார்கள்.

2012-இல் வந்த ஸ்கைட்ரீ கோபுரத்தின் உயரம் 634 மீட்டர். பார்வைத் தளங்கள் 350, 450 மீட்டரில். லிஃப்ட் ஏறக்குறைய 50 வினாடியில் மேலே கொண்டுபோய்விடும். ஃபூஜி மலையைப் பார்க்க இதுதான் சரி. ஆனால் மலை சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் கோடைப் புழுக்கத்தில் வெறும் வெள்ளைப் புகைதான் மிஞ்சும். டிசம்பர், ஜனவரியின் வறண்ட காலைகளே நல்லவை. பலத்த காற்றடித்தால் லிஃப்ட் நின்றுவிடும். வாரநாளில், முன்பதிவு செய்து போனால் செலவு குறையும். அசாகுசா பகுதியிலிருந்து சுமிதா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி 20 நிமிடம் நடந்தே வரலாம், அந்த நடையே தனி சுகம்.

எதற்குப் போனாலும் அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மேலே இருங்கள். டிசம்பரில் நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஜூனில் ஏழு மணியாகும். இரவில் படமெடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகமே விழும். கறுப்புத் துணியால் லென்ஸைச் சுற்றி மூடி, கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று: ஸ்கைட்ரீயிலிருந்து டோக்கியோ டவர் தெரியும், செம்மஞ்சள் குச்சியாக. ஒளிரும் அந்தக் கோபுரம் படத்தில் பெரிதாக வேண்டுமென்றால், அதன் மேலே ஏறாமல் அடியில் ஷிபா பூங்காவில் நின்று எடுங்கள்.