சிஎஸ்ஏ-வோடு இருபது வருஷம்

மெயின்ஃபிரேம் என்ற பெரிய நிறுவனக் கம்ப்யூட்டர்களில் சிஸ்டம் புரோகிராமராக இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். அதில் என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்: சிஎஸ்ஏ, அதாவது காமன் சர்வீஸ் ஏரியா, எல்லா ஜாபும் (ஓடும் வேலையும்) பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பகுதி.

1974-ல் ஐபிஎம் தன் மெயின்ஃபிரேம் இயங்குதளமான எம்விஎஸ்ஸைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு ஜாபுக்கும் தனியாக 16 எம்பி அட்ரஸ் ஸ்பேஸ், அதாவது நினைவக முகவரிகளின் வெளி, கொடுத்தார்கள். 24 பிட் முகவரிக்கு அதுதான் எல்லை. சரி, ஒரு ஜாப் இன்னொன்றுக்குத் தகவல் தர வேண்டுமே? அதற்காக எல்லா அட்ரஸ் ஸ்பேஸிலும் ஒரே இடத்தில் தெரிகிற பொதுப் பகுதியை வைத்தார்கள். அதுவும் அவரவர் 16 எம்பியிலிருந்தே பிடித்தம். சிஸ்டத்துக்கான நியூக்ளியஸ், எஸ்கியூஏ, லிங்க் பேக் ஏரியா ஆகிய பொதுப் பகுதிகளும் சிஎஸ்ஏவும் போக ஜாபின் கைக்கு எட்டு ஒன்பது எம்பி தேறினால் பெரிய விஷயம்.

1983-ல் வந்த புதிய பதிப்பான எம்விஎஸ்/எக்ஸ்ஏ 31 பிட் முகவரியைத் தந்தது. '16 எம்பி லைன்' என்ற பழைய எல்லைக்கு மேலேயும் ஒரு சிஎஸ்ஏ கிடைத்தது. ஆனால் பழைய புரோகிராம்கள் லைனுக்குக் கீழேதான் குடியிருந்தன. அங்கே ஜாபுக்கே சொந்தமான பிரைவேட் பகுதியின் எல்லை முழு எம்பியில்தான் முடியும். சிஎஸ்ஏவின் அளவைச் சொல்லும் பாராமீட்டரில் நாலு கேபி கூட்டப் போய், எல்லா ஜாபுக்கும் ஒரு எம்பி குறைந்ததும் உண்டு.

எனக்கு சிஎஸ்ஏவின் நிஜ வலி இடத்தட்டுப்பாடு இல்லை. புறம்போக்கு நிலம் மாதிரி, அதற்குக் கேட்பார் கிடையாது. ஜாப் முடிந்தால் அதன் பிரைவேட் நினைவகத்தை சிஸ்டமே துடைத்துவிடும். சிஎஸ்ஏவில் வாங்கியதை வாங்கியவன்தான் திருப்பித் தர வேண்டும். நாங்கள் வைத்திருந்த ஒரு கண்காணிப்பு (மானிட்டர்) புரோகிராம் ஒவ்வொரு ஞாயிறும் ரீஸ்டார்ட் ஆகும்போது சிஎஸ்ஏவின் ஒரு பிரிவான சப்பூல் 241-ல் புதிதாக ஒரு துண்டு வாங்கும், பழையதை விடாது. இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நினைவகம் கிடைக்காமல் ஜாப்கள் பாதியில் அறுந்துபோகும் எஸ்878 அபெண்டுகள் வரிசையாக விழுந்தன. அப்புறம் யூசர்கள் உள்ளே நுழையும் லாகானே நின்றுபோனது. டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுத்துவிட்டு ஐபிஎல் போட்டோம், அதாவது சிஸ்டத்தையே ரீபூட் செய்தோம், வேறு வழியில்லை. டம்பைப் படிக்கும் கருவியான ஐபிசிஎஸ்ஸில் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் அதே நான்கெழுத்து ஐகேட்சர், அதாவது புரோகிராம் தன் நினைவகத்தில் பொறிக்கும் அடையாளம். குற்றவாளி பெயரெழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான்! பிற்பாடு யார் வாங்கினார்கள் என்று குறித்துவைக்கும் விஎஸ்எம் டிராக் வந்ததும் இந்தத் தேடல் கொஞ்சம் சுலபமானது.

இவ்வளவு திட்டினாலும், வேகத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. தகவல் இருக்கும் கண்ட்ரோல் பிளாக் எங்கே என்று தெரிந்தால் போதும். எந்த ஜாபிலிருந்தும் ஒரு லோட் இன்ஸ்ட்ரக்‌ஷனில் எட்டிப் பார்க்கலாம். அழைப்பு, அனுமதி, காத்திருப்பு எதுவுமில்லை. கிராஸ் மெமரி, டேட்டா ஸ்பேஸ் என்று தகவல் பகிர வேறு வழிகளெல்லாம் வந்தபிறகும் பலர் இதை விடாததற்குக் காரணம் அதுதான்.

யூசர் கீயில் (சாதாரணப் புரோகிராம்களுக்கான பாதுகாப்பு எண்ணில்) சிஎஸ்ஏ வாங்கும் பழக்கத்தை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். அப்படிப்பட்ட கீ 8-ல் வாங்கினால், கீ 8-ல் ஓடும் எந்தப் புரோகிராமும் அதன்மேல் எழுதிவிட்டுப் போகலாம். எம்விஎஸ்ஸின் வாரிசான இசட்/ஓஎஸ் 2.4-ல் அதை ஒருவழியாக எடுத்துவிட்டார்கள், 2019-ல்.