ஸ்பீக்கரிலிருந்து ஹெட்செட்டுக்கு: சொந்த நிரலா, பவர்ஷெல் மாட்யூலா?

ஸ்பீக்கருக்கும் ஹெட்செட்டுக்கும் நாளுக்குப் பத்துத் தடவையாவது மாறுகிறவன் நான். ஒவ்வொரு முறையும் டாஸ்க்பாரில் ஒலி ஐகானை அமுக்கி, பட்டியலைத் திறந்து, கருவியைத் தேடுவதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே ஷார்ட்கட்டில் அடக்கிவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் விண்டோஸின் வினோதம் தெரிந்தது. 'இப்போது டீஃபால்ட் கருவி (ஒலி இயல்பாகப் போய்ச்சேரும் கருவி) எது?' என்று கேட்க விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே முறையான ஏபிஐ, அதாவது நிரல்கள் விண்டோஸிடம் பேசும் வழி, உண்டு. 'இதை டீஃபால்ட் ஆக்கு' என்று சொல்லத்தான் எதையும் வெளியிடவில்லை. ஒலி எதில் வர வேண்டும் என்பது பயனரின் முடிவு, செயலிகள் அதில் கை வைக்கக் கூடாது என்பது மைக்ரோசாஃப்ட் தரப்பு நியாயம். சரி, ஆனால் இங்கே பயனரே நான்தானே!

ஆகவே எல்லோருக்கும் கொல்லைப்புற வழிதான். மிக மலிவான வழி, சவுண்ட் பேனலைத் திறந்து கீழ் அம்புக்குறியை இரண்டு தடவை அனுப்பி டீஃபால்ட் பொத்தானை அமுக்கும் ஸ்கிரிப்ட். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் எச்டிஎம்ஐயில் ஒரு மானிட்டரைச் செருகினேன். பட்டியலில் ஒரு வரி கூடியது. ஸ்கிரிப்ட் சமர்த்தாக மானிட்டரை டீஃபால்ட் ஆக்கிவிட்டது. அதில் ஸ்பீக்கரே கிடையாது. அன்றே அழித்துவிட்டேன்.

மீதமுள்ள வழிகளுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: ஐபாலிசிகான்ஃபிக் என்ற, ஆவணப்படுத்தப்படாத காம் இன்டர்ஃபேஸ், அதாவது நிரல்கள் அழைக்கக்கூடிய விண்டோஸ் ஃபங்ஷன்களின் ஒரு தொகுப்பு. கருவியின் ஐடியையும் ரோலையும் கொடுத்தால் மாற்றிவிடும். ரோல் என்றால் எந்த வகை ஒலிக்கு அந்தக் கருவி என்பது. மூன்று உண்டு: கன்சோல் (கணினியின் அறிவிப்பு ஒலிகள், விளையாட்டுகள்), மல்டிமீடியா (பாட்டு, படம்), கம்யூனிகேஷன்ஸ் (அழைப்புகள்). இதில் ஏமாறாதவர்கள் குறைவு. முதல் இரண்டை மட்டும் மாற்றினால் பாட்டு ஹெட்செட்டில் வரும், அழைப்பில் பேசுகிறவர் குரல் ஸ்பீக்கரில் கேட்கும்.

சி ஷார்ப் மொழியில் நானே எழுதியும் பார்த்தேன். ஐம்பது, அறுபது வரிதான். ஆனால் நமக்குத் தேவையான ஃபங்ஷன் அந்த இன்டர்ஃபேஸில் பதினோராவதாக நிற்கிறது. முன்னால் இருக்கும் பத்தையும், பயன்படுத்தாவிட்டாலும், அதே வரிசையில் அறிவிக்க வேண்டும். ஒன்றை விட்டால் கம்பைலர் வாயே திறக்காது. ஓடும்போது வேறு ஏதோ ஃபங்ஷன் அழைக்கப்படும். போதாததற்கு விஸ்டாவுக்கான வடிவத்தில் வரிசையே கொஞ்சம் வேறு. கற்றுக்கொள்ள அருமையான பயிற்சி, மறுக்க மாட்டேன்.

நிர்சாஃப்ட்டின் நிர்சிஎம்டி என்ற சிறு கட்டளை நிரல் இதற்கு நேர் எதிர். ஒரே எக்ஸி கோப்பு, இன்ஸ்டால் தேவையில்லை. கருவியின் பெயரையும் ரோல் எண்ணையும் கொடுத்தால் வேலை முடிந்தது. பெயரை நம்பியிருப்பதுதான் இடறல். இரண்டு கருவிகள் 'ஸ்பீக்கர்ஸ்' என்றே இருந்தால், முதலில் சவுண்ட் பேனலில் போய் ஒன்றுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

நான் கடைசியில் தங்கியது ஆடியோடிவைஸ்கமாண்ட்லெட்ஸ் என்ற மாட்யூலில். விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லுக்குக் கூடுதல் கட்டளைகள் தரும் தொகுப்பு அது. காரணம் ஒன்றே ஒன்று, பராமரிப்பு. இந்த வேலையில் எழுதுவது அரை மணி நேரம். கெட்டுப்போனதைச் சரிசெய்வதுதான் வருடக்கணக்கு. எதுவும் மாறாத வரை எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கும். யுஎஸ்பி ஹெட்செட்டைப் பிடுங்கி வேறு துளையில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் அதைப் புதுக் கருவியாக எடுத்துக்கொண்டு, பெயருக்குள் '2-' என்று ஒரு முன்னொட்டைச் சேர்த்துவிடலாம், ஐடியும் புதிதாகலாம். ஐடியை அப்படியே எழுதி வைத்த என் சி ஷார்ப் நிரல் அன்றைக்கே படுத்தது. முழுப் பெயரை எழுதி வைத்தாலும் அதே கதைதான்.

மாட்யூலில் பட்டியலைக் கேட்டால் எண், பெயர், வகை, ஐடி எல்லாம் வரும். பிளேபேக் கருவிகளை மட்டும் எடுத்து, பெயரில் ஹெட்செட் மாடலின் ஒரு சொல் இருக்கிறதா என்று வடிகட்டி, கிடைக்கும் ஐடியைத் திருப்பிக் கொடுக்கிறேன். இரண்டே வரி. முன்னொட்டு வந்தாலும் போனாலும் கவலையில்லை. ஆனால் வரிசை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கருவிகள் வரப்போக அதுவும் மாறும். அம்புக்குறி ஸ்கிரிப்ட்டின் தலைவிதிதான் உங்களுக்கும். தனியாக எதுவும் சொல்லாவிட்டால் கம்யூனிகேஷன்ஸ் ரோலையும் அதுவே சேர்த்து மாற்றிவிடுவது கூடுதல் நிம்மதி. நாளைக்கு விண்டோஸ் அந்த இன்டர்ஃபேஸை மாற்றினால் இதுவும் உடையும்தான். ஆனால் மூல நிரல் திறந்து கிடக்கிறது, பார்க்க நான்கு கண்கள் இருக்கின்றன. என் நிரலுக்கு நான் ஒருவன்தான்.

வெளியிலிருந்து மாட்யூல் இறக்கத் தடை உள்ள அலுவலகக் கணினி என்றால், சி ஷார்ப் கைவசம் இருந்தால் சொந்த நிரலே மேல். நிர்சிஎம்டியைச் சில ஆன்டிவைரஸ்கள் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்.

லினக்ஸில் இந்த அவஸ்தையே இல்லை. பேக்டிஎல் கட்டளை ஒரே வரியில் மாற்றும். மேக்கில் அதன் ஒலி அமைப்பான கோர் ஆடியோவே முறையான வழி தருகிறது என்றாலும், அதில் நான் அதிகம் புழங்கியதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு செயலி மட்டும் பழைய ஸ்பீக்கரிலேயே பாடிக்கொண்டிருந்தால், அவசரப்பட்டு ஸ்கிரிப்ட்டைத் திட்டாதீர்கள். 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10 செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக ஒலிக்கருவி ஒதுக்கலாம். எப்போதோ அங்கே ஒதுக்கிவிட்டு மறந்திருப்பீர்கள். நான் மறந்திருந்தேன்.