நான்கு மழைக்காலம் கண்ட கையுறைகள்

கார் கழுவும் கையுறையின் மணிக்கட்டுப் பட்டியில் ஒரு சின்ன வளையம் தைத்திருப்பார்கள். வளையம் இருந்தால் அதில்தானே மாட்டுவோம்? நானும் மாட்டினேன். வாய் மேலே, நுனி கீழே. துணியில் இருந்த தண்ணீரெல்லாம் மெல்ல இறங்கி நுனியில் தேங்கிக்கொண்டது. ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் அப்படித் தொங்கிய கையுறைக்குள் கையை விட்டேன். கழுவாத மீன் கூடையை மூடிவைத்தது போல ஒரு வாடை. மூன்று முறை சோப்புப் போட்டும் அன்று சாப்பிடும்போது கையில் அது இருந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் கையுறை தலைகீழாகத்தான் தொங்குகிறது. நுனியில் இரண்டு கிளிப், வாய் தரையைப் பார்த்தபடி. அந்த வளையத்தை எதற்குத் தைக்கிறார்களோ!

2021-இல் கருநீல நிறத்தில் கார் வாங்கினேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வெள்ளிக் கடற்கரைக்குப் போய்வந்தாலும் போகாவிட்டாலும் காரின் மேல் மணலும் உப்பீரமும் குழைந்து ஒரு பூச்சாகப் படிந்துவிடும். முதல் சில மாதங்கள் பழைய பனியன் துணியால் துடைத்தேன். ஒரு நாள் மாலை வெயில் சாய்வாக விழுந்தபோது பானெட் முழுவதும் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல்கள். அப்புறம்தான் கையுறைக்கு வந்தேன். இதுவரை மூன்று வகை: தடித்த புழுக்களை அடுக்கித் தைத்தது போன்ற ஷெனில், செம்மறி ஆட்டு ரோமம், குட்டை முடி கொண்ட சாதாரண மைக்ரோஃபைபர். கழுவுவதில் மூன்றையும் குறை சொல்ல முடியாது. காரை முடித்துவிட்டு இவற்றைக் கழுவிக் காயவைக்கும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்தது.

ஷெனில் மணலை விடாது. வெளியே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். புழுக்களின் வேரில் மணல் உட்கார்ந்திருக்கும். குழாயடியில் பிடித்து அலசுவதெல்லாம் கண்துடைப்பு. நான் செய்வது இது: வெள்ளை எனாமல் பேசினில் தண்ணீர் நிரப்பி, கையுறையை அமுக்கி, கட்டைவிரலால் ஒவ்வொரு வரிசையாகப் புழுக்களைப் பிரித்துவிட்டு, ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுவேன். பிறகு கையுறையை எடுத்துவிட்டு பேசினை மெல்லச் சாய்த்தால் அடியில் கருமணல் ஒரு பிறை போல ஒதுங்கும். விரலால் தொட்டால் எனாமலில் நறநறக்கும். அந்த நறநறப்பு அடங்கும் வரை தண்ணீரை மாற்ற வேண்டும். சாதாரண நாளில் மூன்று தண்ணீர், கடற்கரைக்குப் போய்வந்த வாரத்தில் ஐந்து. அம்மா ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "கார் கழுவ அரை மணி நேரம், கையுறை கழுவ ஒரு மணி நேரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கணக்கு ஏறக்குறைய சரிதான்.

சோப்பு விஷயத்தில் என் பெரிய தவறு, சலவை இயந்திரத்தில் வீட்டுத் துணிகளோடு சேர்த்துப் போட்டது. கடைசி அலசலில் துணி மென்மையாக்கும் திரவம் தானாகவே கலந்துவிட்டது. மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்த மெல்லிய இழை. அந்தத் திரவம் இழைமேல் வழவழப்பாக ஒட்டிக்கொண்டால் தண்ணீரையும் அழுக்கையும் இழுக்கும் குணம் போய்விடும். அன்று கையுறை பூனைக்குட்டி போல மெத்தென்று இருந்தது, தண்ணீர்தான் அதன்மேல் முத்து முத்தாக நின்றது. போதாக்குறைக்கு, கூடப் போட்ட பருத்தித் துண்டின் பஞ்சு முழுவதும் அதில் ஏறியிருந்தது. இரண்டு முறை வெதுவெதுப்பான நீரில் வெறும் திரவ சோப்புப் போட்டுத் துவைத்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது. இப்போது கையால்தான். ஒரு வாளி தண்ணீருக்குக் கார் ஷாம்பூ ஒரு மூடி போதும். தூள் சோப்பு கரையாமல் இழைக்குள் தங்குவதால் அதைத் தொடுவதில்லை. பிளீச்சும் கொதிநீரும் கூடவே கூடாது.

எங்கள் போர் தண்ணீர் கடினமானது. அதில் மட்டும் அலசிய கையுறை காய்ந்ததும் அப்பளம் போல விறைத்தது. கடைசிக்கு முந்தைய அலசலில் அரை வாளிக்கு ஒரு கரண்டி வெள்ளை வினிகர் விட்டுப் பார்த்தேன்; சுண்ணாம்புப் படிவு விட்டது, விறைப்பும் போனது. மழைக்காலத்தில் மாடியில் அண்டா வைத்துப் பிடிக்கும் மழைத்தண்ணீர் கிடைத்தால் வினிகரே வேண்டாம்.

காயவைப்பதுதான் இந்த ஊரில் பெரும்பாடு. ஆனி, ஆடியில் காலை ஏழு மணிக்குக் கொடியில் போட்டால் வறண்ட மேல்காற்றில் பத்து மணிக்குள் உலர்ந்துவிடும். நிழலில்தான் போடுகிறேன், உச்சி வெயிலில் தினமும் வாட்டினால் செயற்கை இழை சீக்கிரம் நொறுங்கிவிடும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பிவிட்டால் காய்ந்ததும் மறுபடி நசநசக்கும், அதனால் அதற்குள் எடுத்துவிடுவேன். கார்த்திகையில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அப்போது துணைக்கு இருப்பது சலவை இயந்திரத்தின் சுழற்சி மட்டும்தான். வலைப்பையில் போட்டு, வேகத்தைக் குறைத்து இரண்டு நிமிடம் சுழற்றினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு. பலர் வெளிமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று மடித்து வைக்கிறார்கள். வாடை பிறப்பது உள்லைனிங்கிலும் கட்டைவிரல் தையலிலும்தான். அங்கே விரலை வைத்துப் பார்க்காமல் நான் எடுப்பதில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஆட்டு ரோமக் கையுறை வாளியில் நனைந்தபடி கிடந்தது. மின்சாரம் இல்லை, வெயில் இல்லை, எனக்கு அதன் நினைப்பும் இல்லை. நான்காம் நாள் எடுத்துப் பிழிந்து காயவைத்தேன். ரோமம் பிழைத்தது, பின்னால் இருந்த தோல் கருவாடு போல விறைத்து மடிப்பில் வெடித்துவிட்டது. பெங்களூரிலிருந்து சித்தப்பா மகன் வாங்கிவந்து கொடுத்தது. மூன்றில் மிருதுவானதும் அதுதான், நோஞ்சானும் அதுதான். ஈரத்தோடு ஓர் இரவுகூட விடக்கூடாது, சீப்பால் வாரிவிட வேண்டும், பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைக்க வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அதே வாரத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. ஆற்றோரம் இருக்கும் அக்கா வீட்டில் நிறுத்தியிருந்த என் கார் அரைச் சக்கரம் வரை முழுகியது. வடிந்ததும் கதவில் காய்ந்திருந்த வண்டலை, அவசரத்தில் ஒரே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு ஷெனிலால் தேய்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு வண்டலை ஊறவைத்து முழுவதும் ஓடவிட்ட பிறகே கையுறை பட்டிருக்க வேண்டும். கீறல் இன்னும் இருக்கிறது. அந்தக் கையுறையை ஏழு தண்ணீர் அலசியும் பேசினில் வண்டல் நின்றபாடில்லை. அதைச் சக்கரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். அடையாளத்துக்கு வளையத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். வளையம் அந்த வகையில் உதவியது.

வைக்கும் இடத்துக்கும் அனுபவம் இருக்கிறது. டிக்கியில் பிளாஸ்டிக் பையில் வைத்தேன். சூட்டில் புழுங்கிப் பூசணம் பிடித்தது. ஷெட்டில் ஆணியில் மாட்டினேன். ஒரு மாதம் கழித்து உள்ளே கையை விட்டால் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. இரண்டு பல்லி முட்டைகள். இப்போது கையுறைகள் அலமாரியில், கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பைக்குள் தனியாக இருக்கின்றன. பையை முதலில் உதறிப் பஞ்சைப் போக்கிவிட்டேன். துணிப்பை காற்றை விடுவதால் வாடை இல்லை.

குட்டை முடி மைக்ரோஃபைபர்தான் இன்றுவரை உழைக்கிறது. 250 ரூபாய்க்கு வாங்கி மூன்றாவது ஆண்டு. மணலைச் சீக்கிரம் விடுகிறது, சீக்கிரம் காய்கிறது. போன வாரம் கட்டைவிரல் தையல் பிரிந்தது. அம்மா ஊசியில் பருத்தி நூலைக் கோத்துத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஈரத்தில் பருத்தி இற்றுப்போகும், பாலியஸ்டர் நூல் வேண்டும் என்று எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.