பழைய ஐ5-2500கே: ஓவர்கிளாக் செய்வதா, எஸ்எஸ்டி போடுவதா?

2011-இல் வந்த இன்டெல் ஐ5-2500கே என்ற சிபியு (கணினியின் மூளையான சிப்) ஓடும் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். பி67 அல்லது இசட்68 வகை மதர்போர்டும் நல்ல கூலரும் இருந்தால், ஓவர்கிளாக் செய்து, அதாவது அந்த வேகத்தைத் தாண்டி ஓடவிட்டு, பல சிப்களை 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகலாம். சிபியுவை நம்பும் கேம்களில் அது நன்றாகவே தெரியும். ஆனால் வோல்டேஜைக் கூட்ட வேண்டும். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், சூடும் கூடவே ஏறும். எனக்குக் கவலை சிப்பைப் பற்றி அல்ல. பத்து வருடத்துக்கு மேல் உழைத்த பவர் சப்ளையும் போர்டின் கெபாசிட்டர்களும் தாங்க வேண்டுமே!

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சாட்டா இணைப்பில் மாட்டும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட்டால் கேமில் நொடிக்கு வரும் பிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை ஏறாது. ஆனால் விண்டோஸும் பிரவுசரும் சட்டென்று திறக்கும், சூடும் ஏறாது.

அன்றாட வேலைக்கு எஸ்எஸ்டிதான் என் தேர்வு. கேமுக்குத்தான் என்றால் சரி, ஓவர்கிளாக் செய்யுங்கள். அதற்கு முன் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிடுங்கள்.