சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தால் எர்த் சரி என்று நம்பிவிடாதீர்கள்

காரிமங்கலம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் வீட்டில் எலக்ட்ரிக் கார் சார்ஜ் போடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எங்கள் அம்மா உயிர் பிழைத்தது பெரிய விஷயம்.

2024 மாசியில் கார் எடுத்தோம். பேட்டரி 30 யூனிட். காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு வேலைக்குப் போய்வர தினமும் 50 கிலோமீட்டர். பெட்ரோலுக்குக் கொடுத்து மாளவில்லை. "சார்ஜிங் பாயின்ட் போட எங்க ஆள் வருவார் சார், வெளி ஆளை வெச்சீங்கன்னா வாரன்டியில பிரச்னை வரும்" என்று ஷோரூமில் சொன்னார்கள். வந்தவர் 24,000 ரூபாய் எஸ்டிமேட் எழுதினார். தனி எர்த் குழி, மீட்டர் பெட்டியிலிருந்து 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எல்லாம் அதில் இருந்தது. அரை நாளில் வேலை முடிந்தது. சார்ஜரைச் சொருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எர்த் கிடைக்கவில்லை என்று அர்த்தம். "அஞ்சு நிமிஷம் சார்" என்று பிளக் பெட்டியைத் திறந்து ஏதோ செய்தார். பச்சை வந்துவிட்டது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை. கார் சார்ஜில் இருந்தது. அம்மா வாசல் தெளித்துவிட்டு ஈரக்கையோடு கதவோரம் கை வைத்திருக்கிறார். "டேய், காரு விறுவிறுன்னு இழுக்குதுடா" என்று கத்தினார். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பிளக் அருகே போனால் பிளாஸ்டிக் கருகிய வாடை.

காவேரிப்பட்டணத்தில் தெரிந்த ஒரு பெரியவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வயர்மேன், அன்று மதியமே வந்தார். பெட்டியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நாலு விரற்கடை நீளத்தில் ஒரு பச்சை வயர்த் துண்டு. அதன் ஒரு முனை நியூட்ரலில் (கரன்ட் திரும்பிப் போகிற வயர்), மறுமுனை எர்த்தில் (கசியும் கரன்ட்டை மண்ணுக்குள் இறக்குகிற வயர்). இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சார்ஜர் எர்த் இருக்கிறது என்று ஏமாந்துபோகும், பச்சை காட்டும். ஆனால் காரின் உடம்பு முழுக்க நியூட்ரலோடு சேர்ந்துவிடும். எங்கள் வீட்டில் நியூட்ரல் ஜாயின்ட் சூட்டில் வெந்து பாதி விட்டுப்போயிருந்தது. அதனால்தான் அம்மாவுக்கு விறுவிறுப்பு. முழுக்க விட்டுப்போயிருந்தால் கதவில் 230 வோல்ட் நின்றிருக்கும் என்றார் அவர்.

இப்படிக் கரன்ட் கசிந்தால் ஆர்சிசிபி ட்ரிப் ஆகவேண்டும். ஏன் ஆகவில்லை? பெட்டிக்குள் ஆர்சிசிபி உட்கார்ந்திருந்தது, வயர் அதன் வழியாகப் போகவில்லை. பின்பக்கமாகவே இணைத்திருந்தார்கள். வயரைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். மேலே ஐஎஸ்ஐ முத்திரையோ ஐஎஸ் 694 என்ற அச்சோ கிடையாது. கார் ராத்திரி பூராவும் எட்டு, பத்து மணி நேரம் நிறுத்தாமல் கரன்ட் இழுக்கும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் மாதிரி அஞ்சு பத்து நிமிஷ வேலை இல்லை அது. மட்டமான வயர் அதைத் தாங்காது.

கடைசியாக எர்த் குழி. மூடியைத் தூக்கி அவர் பைப்பைக் கையால் இழுத்தார். மண்ணோடு வெளியே வந்துவிட்டது. ஒன்றரை அடிதான். கரி இல்லை, உப்பு இல்லை. வெயிலில் காய்ந்த மண்.

முதலில் வேலை செய்த ஷோரூம் ஆளுக்கு போன் போட்டேன். அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "நம்ம ஏரியா பூரா பாறை சார், எர்த் நிக்காது. எல்லார் வீட்லயும் இப்படித்தான் பண்ணித் தர்றோம்." எத்தனை வீட்டில் அந்தப் பச்சைத் துண்டு இருக்கிறதோ தெரியவில்லை.

பாறை என்பது உண்மைதான். எங்கள் வாசலில் மூன்றடியில் கல் தட்டியது. பெரியவர் கொல்லைப்புறம் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் தென்னையடியைப் பார்த்து எட்டடி பைப் இறக்கினார். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். உண்மையான காப்பர் வயர், புது ஆர்சிசிபி எல்லாம் சேர்த்து 13,400 ரூபாய். இதில் அவர் கூலியும் அடக்கம்.

கரன்ட் பில்லிலும் ஏமாற்றம்தான். யூனிட்டுக்கு ரெண்டேகால் ரூபாய், கிலோமீட்டருக்கு முப்பது பைசா என்று ஷோரூமில் கணக்கு போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த ரெண்டேகால் அப்போது 101 முதல் 200 யூனிட் வரைக்கும்தான், அதுவும் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு. எங்கள் வீட்டுக்கு 300 யூனிட் ஓடும், 675 ரூபாய் வரும். காருக்கு 400 சேர்ந்து 700 ஆனதும் சலுகை போய்விட்டது. 501க்கு மேல் 8 ரூபாய், 601க்கு மேல் 9 ரூபாய். பில் 3,650. காருக்கு மட்டும் யூனிட் ஏழரை ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. இது 2022 கட்டணத்தில் போட்ட கணக்கு, 2024 ஜூலையில் அதுவும் ஏறிவிட்டது. இன்னமும் பெட்ரோலை விட ரொம்பக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சொன்ன கணக்கைப் போல நாலு மடங்கு.

பில்லைச் சொல்லிக் கேட்டதற்கு, சார்ஜிங் பாயின்ட் போட்ட அதே ஆள், "தோட்டத்து மோட்டார் லைன்ல இருந்து இழுத்துக்கலாம் சார், இலவசம்தானே" என்றார். விவசாய இணைப்பில் கார் சார்ஜ் போடுவது 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் மாட்டும், இரட்டைக் கட்டணம் போடுவார்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது: கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். லோடு ஓடும்போது ஒன்றிரண்டு வோல்ட் காட்டுவது சகஜம். அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கலாம், மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினாலே பிளக்குக்குப் போகிற கரன்ட் நின்றாக வேண்டும். எங்கள் வீட்டில் நான் ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

ஷோரூமுக்கு போட்டோக்களோடு எழுத்தில் புகார் கொடுத்தேன், நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிந்தேன். 24,000 திரும்பி வந்தது. அந்த ஆள் போட்டுக் கொடுத்த மற்ற வீடுகளின் பட்டியலைக் கேட்டேன். அதை மட்டும் இன்றுவரை தரவில்லை.